கேட்டுக் கற்றலும் வாசித்துக் கற்றலும்



பழைய தலைமுறையைச் சேர்ந்த தமிழறிஞர் ஒருவர் தமது கல்வியைப் பற்றிக் கூறும்பொழுது, "இன்னாரிடம் நன்னூல் படித்தேன்" என்று பெரும்பாலும் சொல்லார். "இன்னாரிடம் நன்னூல் பாடங் கேட்டேன்" என்றே சொல்வார். ஆசிரியர் பாடஞ் சொன்னார். மாணவர் பாடங் கேட்டார். கல்வி என்பது ஒருவருடைய வாய்க்கும் மற்றொருவருடைய செவிக்கும் இடையே நிகழும் செயல் என்ற எண்ணம் இந்த வழக்கிலே பொதிந்து கிடக்கின்றது.

இன்று ஒரு வீட்டினுள்ளே நுழைந்து பார்ப்போம். மாலை நேரம். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கையடக்கத் தொலைபேசியிலே ஓர் ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றது. "புத்தகத்தை எடுத்து வாசி, பிள்ளை" என்கின்றார் தாயார். "இதுவும் படிப்புத்தானே, அம்மா. கேட்டாலே எனக்கு விளங்குகின்றது" என்கின்றது பிள்ளை. 2020ஆம் ஆண்டிலே நோய்ப் பரவலின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது தொலைக்காட்சியும் தொலைபேசியுமே பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாயின. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. அந்தப் பழக்கமோ நின்றுவிடவில்லை. ஆகவே தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே எழுந்த இந்த வழக்கு இன்று ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இதில் யார் சொல்வது சரி?

வானொலியிலே பேசும் நான் செவியின் பக்கமே நின்று வழக்குரைப்பேன் என்று நேயர்கள் எதிர்பார்க்கக்கூடும். அவ்வாறு செய்யப்போவதில்லை. இரு பக்கத்துச் சான்றுகளையும் எடுத்துவைத்து, எந்த இடத்தில் எது சிறக்கும், எந்த இடத்தில் எது நம்மை ஏமாற்றும் என்று ஆராய்வதே என் நோக்கமாகும்.

முதலில் நம் முன்னோரை விசாரிப்போம். திருவள்ளுவர் பொருட்பாலிலே கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது 40ஆம் அதிகாரம். அதனோடு நிற்காமல் 42ஆம் அதிகாரமாகக் கேள்வியைத் தனியே வைத்தார். கற்க வசதி இல்லாதவனும் கேட்கத் தவறலாகாது, தளர்ச்சி வந்த வேளையில் அக்கேள்வி அவனைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவருடைய கருத்து. எனவே கேள்வி என்பது கல்வி கிட்டாதவருக்கு இட்ட பிச்சையன்று. தனக்கெனப் பெருமையுடைய வேறொரு வழி.

'கேள்வி' என்ற சொல்லையே சற்று உற்று நோக்குங்கள். காதால் கேட்டறிவதும் கேள்வி. ஐயம் எழுந்தபொழுது வினாவுவதும் கேள்வி. 'கேட்டான்' என்றால் செவிமடுத்தான் என்றும் பொருள். வினவினான் என்றும் பொருள். இரண்டு செயலுக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்குகின்றது. வினாவாமல் வாளா கேட்டுக்கொண்டிருப்பது பாதிக் கேள்வியே என்று இச்சொல் நமக்கு நினைவூட்டுவதாகக் கொள்ளலாம். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

அக்காலத்திலே ஏடுகள் இருந்தனவே, அவற்றை வாசித்துக் கற்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பனையோலை ஏட்டை ஒரு முறையேனும் கண்டவர்கள் இதற்கு விடை அறிவார்கள். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதினர். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இராது. செய்யுளும் வரி பிரியாமல் ஓடும். ஒரு பாட்டை முன்னரே காதால் கேட்டவனுக்கு அந்த ஏடு நினைவூட்டும் கருவி. கேளாதவனுக்கு அது ஒரு புதிர். ஏட்டை வாசிப்பதற்கே செவியறிவு வேண்டியிருந்தது. கண்ணுக்குச் செவியே வழிகாட்டிய காலம் அது.

அச்சு வந்தபின் நிலை மாறியது. புள்ளி வந்தது, சொற்கள் பிரிந்து நின்றன, பந்தி பிரிந்தது, நிறுத்தக் குறிகளும் வந்தன. ஆசிரியரின் குரல் செய்துகொண்டிருந்த வேலையிற் பாதியை அச்சுத்தாள் ஏற்றுக்கொண்டது. ஆறுமுக நாவலர் இந்த மாற்றத்தின் நடுவிலே நின்றவர். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். 1848இல் வித்தியாசாலை நிறுவினார். அதற்கு அடுத்த ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். செவிக்குப் பிரசங்கம், கண்ணுக்குப் பாலபாடம் என்று இரு வாயிலையும் ஒருங்கே திறந்தவர் அவர். குரல் வல்லமையிற் குறைந்தவர் என்பதனால் அவர் அச்சை நாடவில்லை. குரல் எட்டாத இடத்துக்கும் காலத்துக்கும் அச்சு எட்டும் என்பதனாலேயே நாடினார்.

இனி, வாசிக்கும்பொழுது நம் கண் என்ன செய்கின்றது என்று பார்ப்போம். கண் வரியின் மீது வழுக்கிச் செல்வதாக நாம் நினைக்கின்றோம். உண்மை அதுவன்று. அது சிறு சிறு பாய்ச்சல்களாகச் செல்கின்றது. ஓரிடத்திலே ஏறத்தாழ ஒரு செக்கனின் காற்பங்கு நேரம் தங்கும், பின் பாயும், மீண்டும் தங்கும். ஆங்கிலம் வாசிப்போரின் கண்ணசைவை அளந்தவர்கள் இன்னுமொரு செய்தியைக் கண்டார்கள். நூறு பாய்ச்சல்களிலே 10 முதல் 15 வரை பின்னோக்கிய பாய்ச்சல்கள். வாசிப்பவர் தாம் அறியாமலேயே, விளங்காத சொல்லுக்குத் திரும்பிப் போய், அதைச் சரிபார்த்துக்கொண்டு முன்னே வருகின்றார்.

வாசிப்பின் பெருஞ் சிறப்பு இந்தத் திரும்பிப் பார்க்கும் உரிமையே. நூலை வாசிப்பவனுடைய கையிலே நேரம் இருக்கின்றது. எளிய இடத்திலே விரைவான். கடிய இடத்திலே நிற்பான். ஐந்து பக்கத்துக்கு முன் சொன்னது இங்கே சொல்வதோடு பொருந்துகின்றதா என்று புரட்டிப் பார்ப்பான். வேகத்திலும் கண்ணே முந்துகின்றது. பெல்ஜிய நாட்டு உளவியலறிஞர் மார்க் பிரிஸ்பேர்ட் என்பவர் 2019இல் 190 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். வளர்ந்தவர்கள் கட்டுரை போன்ற ஆங்கில உரைநடையை மௌனமாக வாசிக்கும்பொழுது நிமிடத்துக்குச் சராசரியாக 238 சொற்களைக் கடக்கின்றனர் என்றும், வாய்விட்டு வாசிக்கும்பொழுது அது 183 ஆகக் குறைகின்றது என்றும் கண்டார். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. ஆகவே இந்த எண்கள் அப்படியே நமக்குப் பொருந்தமாட்டா. ஆயினும் வாயினும் கண் விரைவானது என்பதை வாசித்துப் பழகிய எவரும் தம் அனுபவத்திலேயே அறிவர்.

பேச்சைக் கேட்பவனுக்கு இந்த உரிமை இல்லை. இதோ, இப்பொழுது நான் பேசிக்கொண்டிருக்கின்றேன். சற்று முன் சொன்ன ஒரு வாக்கியம் உங்களுக்கு விளங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதைப் பற்றி எண்ணத் தொடங்கினால் அடுத்த இரண்டு வாக்கியங்கள் காற்றோடு போய்விடும். அவற்றைப் பிடிக்க ஓடினால் முதல் வாக்கியம் விளங்காமலே நின்றுவிடும். நல்ல பேச்சாளன் ஒரு கருத்தை இரண்டு மூன்று வகையாகச் சொல்வதும், உதாரணத்தைப் பெருக்குவதும் இதனாலேதான். பேச்சிலே 'கூறியது கூறல்' குற்றமாகாது. கேட்பவனுக்காகப் பேச்சாளன் செய்யும் உதவி அது. கண் தானே திரும்பிச் செல்லும்; காதுக்காகப் பேச்சாளன் திரும்பி வரவேண்டும்.

அப்படியானால் கேட்டலின் சிறப்பு யாது? நம் நாட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராண படனம் நிகழ்வதை நேயர்களிற் பலர் அறிவீர்கள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் 10,000 செய்யுளுக்கு மேற்பட்ட பெருநூல். அதனை ஒருவர் இராகத்தோடு பாடி வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். செய்யுளை வாசிப்பவர் பதம் பிரித்து நிறுத்துவார்; பயன் சொல்பவர் அதன் பொருளை விரித்து, பழங்கதையோடும் அன்றாட வாழ்வோடும் பொருத்திக் காட்டுவார். எழுத்தறியாத மூதாட்டியரும் ஆண்டு தோறும் அந்தச் சபையிலே அமர்ந்து கேட்டனர். சூரபன்மன் கதை முழுவதையும் முறை பிறழாமல் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வல்லவராயினர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துக் கலாசாரத்தைக் 'கந்தபுராணக் கலாசாரம்' என்று பெயரிட்டு வழங்கியதற்கு, அச்சு நூலைக் காட்டிலும் அந்தச் செவிவழிக் கல்வியே அடிப்படையாக இருந்தது எனலாம்.

அந்தச் சபையிலே என்ன நிகழ்ந்தது? நூலிலே இல்லாத ஒன்றைக் குரல் கொண்டுவந்தது. எங்கே நிறுத்துவது, எதை அழுத்துவது, எது நகை, எது சினம், எது முக்கியம், எதை விரைந்து கடக்கலாம் என்பவற்றை எல்லாம் பயன் சொல்பவருடைய குரல் காட்டிக்கொடுத்தது. ஒரு நூலை நாமே வாசிக்கும்பொழுது நமக்கு உள்ள அறிவைக் கொண்டே அதனை அளக்கின்றோம். அறிந்த ஒருவர் சொல்லக் கேட்கும்பொழுது அவருடைய விளக்கமும் சேர்ந்தே வருகின்றது. தொடக்கக்காரனுக்கு இது பெரும் பேறு.

சிறுவர் கல்வியிலே இதன் பயன் இன்னும் ஆழமானது. 1986இல் பிலிப் கஃப், வில்லியம் ரன்மர் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பைப் பற்றி எளிய ஒரு கருத்தை வெளியிட்டனர். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறன் ஒன்று. சொல்லைக் கேட்டு விளங்கும் திறன் மற்றொன்று. வாசித்து விளங்குதல் இவ்விரண்டின் பெருக்கம் என்றனர். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னமை கவனிக்கத்தக்கது. பெருக்கலிலே ஓர் எண் பூச்சியமானால் விடையும் பூச்சியமே. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் பயன்படாது. எழுத்துக் கூட்டத் தெரிந்தும், கதையும் பேச்சும் கேட்டு வளராத பிள்ளை கிளிப்பிள்ளை போல வாசிக்கும், பொருள் அறியாது. மடியில் இருத்திக் கதை சொல்லும் பாட்டியார், தாம் எழுத்தறியாதவராயினும், பிள்ளையின் வாசிப்புக்கே அடித்தளம் இடுகின்றார்.

செவி பாதி, கண் பாதி என்பதற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையருடைய வாழ்க்கை தலைசிறந்த சான்று. அவர் 1871இல் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, 1876இல் ஆசிரியர் மறையும் வரையும் பாடங் கேட்டார். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் புராணங்களும் அவ்வாறே செவிவழி வந்தன. பின்பு அவர் கும்பகோணத்திலே கல்லூரி ஆசிரியராயினார். 1880இல் அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அவர் கற்ற நூல்களின் வரிசையைக் கேட்டு வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என்றே வினவினார். அவற்றைப் பாடங் கேட்க ஐயருக்கு ஆசிரியர் இருந்திலர். அவருடைய ஆசிரியரே பாடஞ் சொல்லாத நூல்கள் அவை.

செவிவழிக் கல்வியின் எல்லை இங்கே தெரிகின்றது. சொல்வோர் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பால் உள்ளது செவிக்கு எட்டாது. ஆனால் ஏடு காத்திருக்கும். சாமிநாதையர் ஏட்டை எடுத்தார். நச்சினார்க்கினியர் உரையிலே பெயர் சுட்டாது வரும் மேற்கோள்கள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று அறியாமல் திகைத்தார். பின்னர்ப் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளிலே அவற்றைக் கண்டார். முன்னும் பின்னும் புரட்டி, ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டு, ஒன்றை மற்றொன்றால் விளக்கிக்கொண்டார். இது செவியால் ஆகாத காரியம். ஆயினும் நூலிலே வந்த சமண சமயக் கருத்துக்கள் ஏட்டினால் மட்டும் துலங்கவில்லை. அவற்றைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. செவியால் பெற்ற பயிற்சியும், கண்ணால் செய்த உழைப்பும், ஐயம் வந்தபொழுது தாழ்மையோடு வினாவிய பண்பும் ஒன்றுகூடியே அந்தப் பதிப்பை ஆக்கின.

இனி மூன்றாவது வழியாகிய காண்டலுக்கு வருவோம். நெசவும் தச்சும் சமையலும் நடனமும் நூலால் மட்டும் வருவன அல்ல. கையினது வேலையைக் கண்ணாலே பார்த்துப் பழகவேண்டும். மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை எடுத்துக்கொள்வோம். கூத்துக்கு ஆட்களைத் தெரிந்தபின் முதலில் நிகழ்வது 'சட்டங் கொடுத்தல்'. அவரவர் பாடவேண்டிய பகுதியை எழுதிக் கொடுப்பதே அது. ஆகவே கூத்திலும் முதலில் வருவது எழுத்து. பின்பு களரியிலே அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிப் பாடிக் காட்டுவார். கூத்தர் கேட்டுப் பாடுவர். தாளத்தைக் கண்டு ஆடுவர். பிழைத்தால் மீண்டும் ஆடுவர். பல நாட்கள் பழகியபின் சதங்கை அணிவர், பின் அடுக்குப் பார்ப்பர், கடைசியிலேதான் அரங்கேற்றம். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்துக்களை மேடையேற்றியபொழுதும் மட்டக்களப்பு அண்ணாவியாரே ஆட்டம் பழக்கவேண்டியிருந்தது. எழுத்து, செவி, கண், கால் ஆகிய நான்கும் அங்கே ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இந்த வரிசையிலே பார்த்தலுக்கும் அரங்கேற்றத்துக்கும் இடையே எத்தனை நாள் ஆட்டம் இருக்கின்றது என்பதைக் கவனியுங்கள். பார்த்தவுடன் வந்துவிடும் என்று எந்த அண்ணாவியாரும் எண்ணியதில்லை. இன்றைய காணொளிகளோ அப்படி ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றன. மைக்கேல் காடஸ், எட் ஓபிரையன் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் இதைச் சோதித்து வெளியிட்டனர். மேசையிலே பாத்திரங்கள் இருக்க, அவை விழாதபடி மேசைவிரிப்பை ஒரே இழுப்பில் உருவியெடுக்கும் வித்தையைப் படமாகக் காட்டினர். ஒரு முறை பார்த்தவரிலும் இருபது முறை பார்த்தவர், தம்மாலும் அது முடியும் என்று மிகுதியாக நம்பினர். அவ்வித்தையைப் பற்றிப் பல முறை வாசித்தவர்களிடம் அந்த நம்பிக்கை அவ்வாறு வளரவில்லை. அம்பு எறிதல் போன்ற செயல்களிலும் சோதித்தார்கள். பல முறை பார்த்தவர்களிடம் நம்பிக்கை வளர்ந்தது; கைத்திறன் வளரவில்லை.

கேட்டலிலும் இதைப்போன்ற மயக்கம் உண்டு. 2010இல் டேவிட் டானியல், வில்லியம் வூடி என்பவர்கள் கல்லூரி மாணவர் சிலருக்குப் பாடக் கட்டுரை ஒன்றை வாசிக்கக் கொடுத்தனர். வேறு சிலருக்கு அதையே ஒலிப்பதிவாகக் கொடுத்தனர். பின்னர் வினாத்தாள் கொடுத்தபொழுது கேட்டவர்கள் வாசித்தவர்களிலும் தெளிவாகப் பின்தங்கினர். ஆனால் 2016இல் பெத் ரொகோவ்ஸ்கி முதலியோர் வேறொரு சோதனை நடத்தினர். ஒரு போர் வீரரின் உண்மை வாழ்க்கையைக் கூறும் நூலின் பகுதிகளைச் சிலர் வாசித்தனர்; சிலர் கேட்டனர்; சிலர் வாசித்துக்கொண்டே கேட்டனர். மூன்று சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரு முடிவுகளையும் சேர்த்து நோக்கினால் ஒன்று புலனாகின்றது. கதைபோலத் தொடர்ந்து செல்லும் பொருளைச் செவி நன்றாகவே ஏற்றுக்கொள்ளும். ஒன்றோடொன்று பின்னிய நியாயங்களும் வரைவிலக்கணங்களும் கணக்கும் நிறைந்த பொருளுக்குத் திரும்பிப் பார்க்கும் கண் வேண்டும். கந்தபுராணம் செவிக்கு எளிதாயிற்று. சிந்தாமணி உரையிலுள்ள மேற்கோள்களைத் தேட ஏடு வேண்டியிருந்தது.

இந்த இடத்திலே ஒரு தப்பெண்ணத்தையும் நீக்கவேண்டும். "என் பிள்ளை கேட்டுக் கற்கும் பிள்ளை, அவன் தம்பி பார்த்துக் கற்கும் பிள்ளை" என்று பிள்ளைகளை வகைபிரிக்கும் பழக்கம் பரவியிருக்கின்றது. ஹரல்ட் பஷ்லர் முதலிய நான்கு உளவியலறிஞர் 2008இல் இக்கொள்கைக்குரிய சான்றுகளை ஆராய்ந்தனர். பிள்ளையின் வகையைப் பார்த்துக் கற்பிக்கும் முறையை மாற்றினால் கல்வி சிறக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தனர். ஒரு வழியிலே பிள்ளைக்கு விருப்பம் மிகுதியாக இருக்கலாம். விருப்பம் வேறு; பயன் வேறு. வழியைத் தீர்மானிக்கவேண்டியது பெரும்பாலும் கற்கும் பொருளே. நீச்சலை எந்தப் பிள்ளையும் நூலால் மட்டும் கற்காது. கேத்திர கணிதத்தை எந்தப் பிள்ளையும் செவியால் மட்டும் கற்காது. பார்வையற்றோர் செவியாலும் விரல் நுனியாலும் பெருங்கல்வி பெறுகின்றனர் என்பதும் உண்மையே. அவர்களும் ஒரு முறை கேட்டதோடு விட்டுவிடாமல், பதிவைத் திரும்ப ஓட்டியும் பிரெயில் எழுத்தைத் திரும்பத் தடவியும், திரும்பிச் செல்லும் உரிமையைத் தமதாக்கிக்கொள்கின்றனர்.

அப்படியானால் எந்த வழியிலே கற்றாலும், கற்றோமா இல்லையா என்று அறிவது எப்படி? இதற்கு நன்னூலிலே ஒரு கணக்கு இருக்கின்றது. பவணந்தி முனிவர் அந்நூலின் பாயிரத்திலே பாடங் கேட்கும் முறையைக் கூறியபின், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை மீண்டும் அடுத்து அவற்றைத் தெளிதல், வினாவுதல், பிறர் வினாவினால் விடை கூறுதல் ஆகியவற்றை மாணவன் கடமையாகச் சொல்கின்றார். பின்னர்ப் பங்கு பிரிக்கின்றார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செவ்வையாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்கு வாய்ப்பது காற்பங்குப் புலமையே. உடன் கற்பவரோடு பழகுவதால் வருவது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ பிறருக்கு எடுத்துச் சொல்வதனால் வருவது. மிகச் சிறந்த ஆசிரியரிடம் மிகக் கூர்ந்து கேட்டாலும் காற்பங்குதான்! இக்காலத்திலே ஒரு மண்டபத்துள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அமர்த்தி ஒலிபெருக்கியிலே நடத்தப்படும் தனியார் வகுப்புக்களிலிருந்து திரும்பி வரும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பும் பெற்றோரும் எண்ணிப் பார்க்கவேண்டிய கணக்கு இது.

பவணந்தியார் அனுபவத்தால் கண்டதை இக்காலத்தவர் சோதனையாலும் கண்டிருக்கின்றனர். 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்னும் இருவர் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தனர். ஒரு சாரார் அதை மீண்டும் வாசித்தனர். மறு சாரார் தாளை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபொழுது மீண்டும் வாசித்தவரே முந்தினர். ஒரு வாரத்துக்குப் பின் சோதித்தபொழுது நினைத்து எழுதியவர் முந்தினர். இதிலே நாம் அஞ்சவேண்டிய இடம் ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வாசித்தவர்களே தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியிருந்தனர். ஆகவே ஏமாற்றுவது செவியுமன்று, கண்ணுமன்று. இலகுவாக உள்ளே செல்வதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும் என்ற நம் எண்ணமே ஏமாற்றுகின்றது. புத்தகத்தின் மேல் மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டு மூன்றாம் முறை வாசிக்கும் பிள்ளையும், தொலைபேசியிலே மூன்றாம் முறை கேட்கும் பிள்ளையும் ஒரே தோணியிலேதான் இருக்கின்றனர்.

இனித் தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாம். கேட்பதும் படிப்புத்தான் என்று பிள்ளை சொன்னது உண்மை. புத்தகத்தை எடு என்று தாயார் சொன்னதும் உண்மை. ஆனால் கேட்டாலே விளங்குகின்றது என்ற சொல்லிலே ஒரு பள்ளம் இருக்கின்றது. விளங்கியதா என்று பிள்ளை இன்னும் பார்க்கவில்லை. புதிய பாடத்தை நல்ல ஆசிரியரின் குரலிலே முதலிற் கேட்கட்டும், வழி தெரியும். பின்பு புத்தகத்திலே அதே பாடத்தை வாசிக்கட்டும். கேட்கும்பொழுது நழுவிய இடங்கள் அங்கே அகப்படும். கைவேலையாயின் ஒரு முறை பார்த்துவிட்டுக் கையை வைக்கட்டும். எல்லாவற்றுக்கும் பிறகு புத்தகத்தையும் தொலைபேசியையும் மூடிவைத்துவிட்டு, அறிந்ததைச் சொல்லட்டும்.

யாரிடம் சொல்வது? தாயாரிடமே சொல்லலாம். "எனக்கு இந்தப் பாடம் தெரியாதே" என்று தாயார் தயங்கவேண்டாம். தெரியாதவராயின் இன்னும் நல்லது. தெரியாதவருக்கு விளங்கச் சொல்வதே கடினம். அந்தக் கடினத்திலேதான் நன்னூலார் சொன்ன அரைப்பங்கு இருக்கின்றது. பிள்ளை தடுமாறும் இடத்தில் தாயார், "அது ஏன் அப்படி?" என்று ஒரு வினாக் கேட்டால் போதும். கேட்டல் என்ற சொல்லின் இரண்டாம் பொருளும் அந்த வீட்டிலே நிறைவேறிவிடும்.

நேயர்களே, வானொலிப் பேச்சும் இதற்கு விலக்கன்று. இதுவரை நான் சொன்னவற்றை நீங்கள் பொறுமையோடு செவிமடுத்தீர்கள். ஆயினும் அதனால் உங்களுக்குக் கிடைத்தது, பவணந்தியார் கணக்கின்படி, காற்பங்குக்கு மேற்படாது. மிகுதியைத் தருவதற்கு என்னிடம் வழி இல்லை. அது உங்களிடம் இருக்கின்றது. இப்பேச்சு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "இன்று வானொலியிலே என்ன சொன்னார்கள் தெரியுமா?" என்று தொடங்கி, நினைவில் நிற்பதைச் சொல்லிப் பாருங்கள். எங்கே சொல் தடைப்படுகின்றதோ, அங்கேயே இனி நீங்கள் வாசிக்கவேண்டியது தொடங்குகின்றது.